ஸ்டேஷன் பக்கத்தில் அம்மா எடுத்த வீடு

கிதாசென்ஜு,
டிசம்பர், முதல் ஞாயிறு

அன்பு மகள் சயோரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அங்கே கட்சுதாவில் உன் அப்பாவும், ஆக இரண்டு வீட்டிலும் நலம். சிலியில் நீயும் மாப்பிள்ளை ரொத்ரிகோவும் குட்டி எமிலியாவும் நன்றாக இருக்கிறீர்கள் என்ற நினைப்போடு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு வீடு என்று படித்ததும் உனக்கு மறுபடி அழுகை வந்துவிடப் போகிறது, வேண்டாம், முழுக்கப் படித்துவிட்டு அழுவதா சிரிப்பதா என்று பார்த்துக்கொள். போன வாரம் போனில் நீ அழுத அழுகையில் எனக்கு வாயே வரவில்லை, நான் ஒன்று சொல்ல நீ குறுக்கே ஒன்பது கேட்கிறாய், அதனால்தான் இந்தக் கடிதம். உன் மசாயே அத்தை "அண்ணி அண்ணனை விட்டுட்டு டோக்கியோவுக்குப் போய்ட்டாங்க" என்று உன்னிடம் சொன்னாளாமே. அவள் சொன்னதில் டோக்கியோ மட்டும்தான் சரி. வீடு கிடைத்து, குடி வந்து, திரைச்சீலையெல்லாம் மாட்டிவிட்டு நிதானமாக உனக்குச் சொல்லலாம் என்று இருந்தேன், அவள் முந்திக்கொண்டாள். அவளுக்குத் தன் அண்ணன் மேல் உயிர், அதனால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. நீ விமான டிக்கெட் ஒன்றும் எடுத்துவிடவில்லையே? எடுத்திருந்தால் ரத்து செய். அவசரமாக ஓடி வந்து பார்க்கும்படி இங்கே ஒன்றும் நடந்துவிடவில்லை. ஏப்ரலில் எல்லோருமாகச் சேர்ந்து வாருங்கள், அதுதான் எனக்கு வேண்டும்.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் காரின் முன் சக்கரத்தை நான் வயல் வாய்க்காலில் இறக்கியது உனக்குத் தெரியும். எனக்கும் அடி இல்லை, காருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் அந்த வழியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போவார்கள் என்ற நினைப்பு என்னை விடவில்லை, மறு வாரமே போய் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து ஒரு கட்டி டோஃபு வேண்டுமென்றாலும் உன் அப்பாவைத்தான் கேட்க வேண்டும். அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, அதை நீ நன்றாகக் கேட்டுக்கொள். "ஏறு" என்பார், கிளம்பிவிடுவார். நான் கடைக்குள் போனால் அவர் வெளியே காரிலேயே உட்கார்ந்திருப்பார். உள்ளே ஒரு துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாலும் அவர் காத்திருக்கிறாரே என்ற நினைப்பு என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். நம் வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு நடப்பதற்குள் முழங்கால் கேள்வி கேட்கும், அப்படியே போனாலும் பஸ் காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று. அவருக்கு நிலம் இருக்கிறது, சர்க்கரைவள்ளிக் கொடி இருக்கிறது, கிழங்கை அவித்துச் சீவி வெயிலில் காயப்போட ஆசைப்பட்டுத்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என்னையும் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போனார். அவருக்குப் பொழுது போதவில்லை. எனக்குப் பொழுது போகவில்லை. இவ்வளவுதான் விஷயம். இதில் யார் மேலும் குற்றம் இல்லை.

ஆகஸ்ட்டில் கண் புரை ஆபரேஷனுக்குப் பிந்தைய பரிசோதனைக்காக டோக்கியோ ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கிதாசென்ஜுவில் ரயில் மாறினேன். ஸ்டேஷன் கட்டடத்துக்குள்ளேயே துணி திருத்தித் தரும் சின்னக் கடை ஒன்று இருக்கிறது, கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, அப்படி. கண்ணாடியில் ஆள் தேவை என்று ஒட்டியிருந்தது, வயது ஒன்றும் போடவில்லை. நீ சின்னவளாக இருந்தபோது தொரிதேயில் வீட்டிலேயே நான் அக்கம்பக்கத்துத் துணியெல்லாம் தைத்துக் கொடுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். சும்மா கேட்டுப் பார்ப்போம் என்று உள்ளே நுழைந்தேன். முதலாளியம்மா ஒரு கால்சட்டையைக் கையில் கொடுத்து அடி மடிக்கச் சொன்னாள், மடித்தேன், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "எப்ப வர்றீங்க?" என்று கேட்டாள். சயோரி, என்னை யாரும் அப்படிக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. அக்டோபர் கடைசி வரை பார்ப்பேன், அதற்கப்புறம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்றாள். வெளியே வந்து கூட்டத்தில் நின்றேன். எல்லோரும் எங்கேயோ போகிறார்கள், வருகிறார்கள், என்னை இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. கட்சுதாவிலிருந்து தினம் வந்து போக முடியாது, போக இரண்டு மணி நேரம் வர இரண்டு மணி நேரம், ஸ்டேஷனுக்குக் கொண்டுவிடவும் உன் அப்பாதான் வர வேண்டும். ஆகவே இங்கேயே ஒரு வீடு எடுத்தால் என்ன என்று அந்தக் கூட்டத்தில் நின்றபடியே தோன்றிவிட்டது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது உன் அப்பாவிடம் சொன்னேன். "எனக்கு ஸ்டேஷன் பக்கத்துல ஒரு வீடு வேணும், வாடகைக்கு." அவர் மீனிலிருந்து கண்ணெடுக்காமல் "நமக்கு எதுக்கு இன்னொரு வீடு?" என்றார். "நமக்கு இல்ல, எனக்கு." அப்போதுதான் சாப்பிடும் குச்சியைக் கீழே வைத்தார். "நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டார். "நீங்க ஒண்ணும் பண்ணல. எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்ல. எனக்கு நடந்து போய் டோஃபு வாங்கணும், அவ்வளவுதான்." "டோஃபு நான் வாங்கித் தரலையா?" "வாங்கித் தர்றீங்க. அதைத்தான் சொல்றேன்." அவருக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேச்சில்லை, நம் பூனை கொமேயோடுதான் பேச்செல்லாம். "கொமே, உங்கம்மாகிட்ட குளிக்கத் தண்ணி காஞ்சாச்சுன்னு சொல்லு" என்பார். நானும் "கொமே, அந்த மனுஷனை முதல்ல குளிக்கச் சொல்லு" என்பேன். பாவம் அந்தப் பூனை இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடும். ஒரு நாள் காலை நிலத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "எந்த ஸ்டேஷன்?" என்றார். கிதாசென்ஜு என்றேன். அப்படியே வாசலில் உட்கார்ந்து சிரித்தார் பார், எனக்கே பயமாகிவிட்டது. "முப்பத்திரெண்டு வருஷம் அந்த ஸ்டேஷன்ல மிதிபட்டுட்டு உசுரோட தப்பிச்சு வந்திருக்கேன். நீ காசு குடுத்து அங்கயே குடிபோறேங்கிற!" அவர் சொன்னதும் நிஜம்தான், தொரிதேயிலிருந்து ஆபீஸ் போக அவர் தினமும் ரயில் மாறிய ஸ்டேஷன் அது, அதன் பேரைக் கேட்டாலே தோள் வலிக்கிறது என்பார். சிரித்து முடித்துவிட்டு, "கிழக்குப் பக்கமா பாரு, மேற்கு வாசல்ல கூட்டம் ஜாஸ்தி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வீடு தேடுவது இவ்வளவு பெரிய பாடு என்று எனக்குத் தெரியாது. செப்டம்பர் வெயிலில் ஏஜென்ட் கம்பெனியில் நெமொத்தோ என்று ஒரு பெண் எனக்காக அலைந்தாள், முப்பது வயதிருக்கும், நடக்கவே தெரியாது, ஓட்டம்தான். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் போன் போடுவாள். "அறுபத்தொன்பது வயசுங்க... ஆமா, தனியாத்தான்... இல்லைங்க, நல்லா நடக்கிறாங்க, வேலைக்குப் போகப்போறாங்க..." என்பாள், பிறகு போனை வைத்துவிட்டு எனக்குத் தலை குனிந்து வணங்குவாள். வணங்கினால் இல்லை என்று அர்த்தம். ஒருவர் நான் படியிறங்க முடியாமல் படுத்துவிட்டால் ஜன்னல் வழியாக இறக்க வேண்டி வருமோ என்று கேட்டாராம். இன்னொருவர் உள்ளேயே ஏதாவது ஆகிவிட்டால் அப்புறம் அந்த அறையில் யார் குடி வருவார்கள் என்றாராம். யாரையும் நான் குறை சொல்லவில்லை, அவர்களும் கதைகள் கேட்டுத்தானே பயப்படுகிறார்கள். ஒருவர் மட்டும் கொஞ்சம் இறங்கி வந்து, பிள்ளைகள் யாராவது பக்கத்தில் இருந்தால் தருகிறேன் என்றார். நெமொத்தோ என் முகத்தைப் பார்த்தாள். மகள் சிலியில் இருக்கிறாள் என்றேன். அவளும் அப்படியே சொன்னாள். அந்தப் பக்கமிருந்து அவர் "சிலியா, அது எந்த ரயில் லைன்ல வருது?" என்று கேட்டார். நெமொத்தோ போனைக் கையால் பொத்திக்கொண்டு மேஜைக்குக் கீழே குனிந்துவிட்டாள், நானும் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரித்தேனே தவிர, திரும்பி வரும் ரயிலில் மனசு கனமாகத்தான் இருந்தது. முதலாளியம்மா சொன்ன கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா ஒன்றும் கேட்கமாட்டார், என் செருப்புச் சத்தத்திலேயே பதில் தெரிந்துவிடும் போலிருக்கிறது, சூடாக டீ மட்டும் வைத்துக் கொடுப்பார்.

அக்டோபர் இரண்டாம் வாரம் நெமொத்தோ கூப்பிட்டு, ஸ்டேஷன் கிழக்கு வாசலிலிருந்து ஐந்து நிமிஷத்தில் ஒரு வீடு இருக்கிறது, ஆனால் வீட்டுக்காரம்மா ஒரு மாதிரி என்றாள். குரிஹாரா என்று பேர், எண்பத்தொரு வயது. கீழே முன்பு அரிசி அப்பளக் கடை நடத்தியிருக்கிறாள், இப்போது கடையை மூடிவிட்டு அதிலேயே குடியிருக்கிறாள், மாடியில் இரண்டு வீடு, ஒன்று காலி. போய்ப் பார்த்தேன். சயோரி, ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம். ரயில் போகும்போது கண்ணாடி டம்ளர் மெல்லக் கிணுகிணுக்கிறது. சின்ன சமையல் மேடை, ஆறு பாய் விரிக்கும் அறை, அதற்குப் பின்னால் இன்னொரு குட்டி அறை, காலையில் வெயில். எனக்குப் பிடித்துவிட்டது. குரிஹாரா அம்மா படியேற முடியாமல் கீழேயே நின்றுகொண்டு, நான் இறங்கி வந்ததும் மேலும் கீழும் பார்த்தாள். "புருஷன் இருக்காரா?" இருக்கிறார் என்றேன். "இருக்கும்போது எதுக்கு தனி வீடு?" என்றாள். சொல்லிப் பார்த்தேன், அவள் நம்பவில்லை. மாடிக் கதவில் இருக்கும் ஒரு பள்ளத்தைக் காட்டச் சொல்லி நெமொத்தோவோடு என்னை மறுபடி மேலே அனுப்பி, இறங்கி வந்ததும் சொன்னாள். "முன்னாடி இருந்த பொண்ணும் இப்படித்தான், ஒண்ணுமில்லைங்க சும்மா தனியா இருக்கேன்னு சொல்லிட்டு வந்தா. ஒரு நாள் புருஷன்காரன் வந்து கதவை உதைச்சான் பாருங்க, அந்தப் பள்ளம்தான் அது. எனக்கு எண்பத்தொண்ணு. அந்த மாதிரி சத்தம் இனிமே தாங்காது. உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க, மூஞ்சியைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று முடித்துவிட்டாள்.

இதை உன் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று ரயில் முழுக்க யோசித்தேன். கடைசியில் நேராகவே சொன்னேன். அவர் கிழங்கு மண்ணை உதறிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். "நீ என்னை விட்டுப் போறதுக்கு நானே வந்து சிபாரிசு பண்ணணுமா?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன், அவர் மெதுவாகச் சொன்னார். அது நியாயமான கேள்விதானே. சரி, இதோடு விட்டுவிடலாம், கடை அம்மாவுக்கு நாளைக்கே போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் மறுநாள் காலை எழுந்தேன். பார்த்தால் துணி காயப்போடும் கம்பியில் அவருடைய பழைய ஆபீஸ் கோட்டு தொங்குகிறது, பூச்சி உருண்டை வாசனை போகக் காற்றில் ஆறப் போட்டிருக்கிறார். வாசலில் ஒரு அட்டைப்பெட்டி, அதில் நல்ல கிழங்காகப் பொறுக்கி வைத்திருக்கிறார். "வெறுங்கையோட போகக் கூடாது" என்றார். கோட்டு இப்போது அவருக்கு இரண்டு ஆள் சைஸ். இடுப்பில் ஊசி குத்திப் பிடித்துவிட்டேன்.

கிதாசென்ஜுவில் இறங்கினோம். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த ஸ்டேஷனில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கால் தானாகவே வழி கண்டுபிடித்துப் போனது, எந்தப் படியில் இறங்கினால் கூட்டம் குறைவு என்று யோசிக்காமலே திரும்பினார். ஆனால் நடை மட்டும் பழைய நடை இல்லை, பின்னால் வந்தவர்கள் எங்களை இரண்டு பக்கமும் பிரிந்து கடந்து போனார்கள். அங்கே என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷம், வெளியிடத்தில் அவர் என் கையைப் பிடித்து நீ பார்த்திருக்கிறாயா? "கூட்டத்துல தொலைஞ்சு போயிடப்போறோம்" என்றார். யார் தொலைந்துபோவார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

குரிஹாரா அம்மா எங்களை உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு ஒரு போலீஸ்காரர் மாதிரி ஆரம்பித்தாள். "சண்டையா?" "இல்லைங்க." "குடிப்பீங்களா?" "கொஞ்சம். குடிச்சா தூங்கிடுவேன்." "வேற பொம்பளை யாராவது?" உன் அப்பா அட்டைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளி, "இதுதாங்க, கிழங்கு" என்றார். அவள் சிரிக்கவில்லை. "அப்புறம் ஏன் இவங்க தனியா இருக்கணும்? நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது?" என்றாள். நெமொத்தோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உன் அப்பா டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். போச்சு, எழுந்து போய்விடப் போகிறார் என்று நினைத்தேன். பிறகு சொன்னார். "முப்பத்திரெண்டு வருஷம் தினம் காலையில நான் போய்ட்டு வரேன்னு சொல்லிட்டுக் கிளம்புவேன். இவ வாசல்ல நின்னு போய்ட்டு வாங்கன்னு சொல்லுவா. ஒரு நாள் கூட மாத்திச் சொன்னதில்ல. இப்ப இவ போய்ட்டு வரட்டுங்க. நான் வீட்டுல இருக்கேன்." அவ்வளவுதான் சொன்னார். நான் என் கோப்பையின் அடியில் கிடந்த டீத் தூளையே பார்த்துக்கொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தினால் முகம் காட்டிக் கொடுத்துவிடும். வெளியே ஒரு ரயில் போனது. குரிஹாரா அம்மா பெட்டியைத் திறந்து ஒரு கிழங்கைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இனிக்குமா?" "இப்ப சுமாரா இருக்கும். ஒரு மாசம் வெச்சிருந்து சுடுங்க, தேனா இருக்கும்." "எனக்கு எண்பத்தொண்ணு. ஒரு மாசம் கழிச்சுத் தின்னுன்னு சொல்றீங்களே, நான் இருக்க வேண்டாமா?" உன் அப்பா சற்றும் யோசிக்காமல், "அதுக்குத்தான் மாடியில ஒரு ஆள் வேணுங்கிறேன்" என்றார். அப்போது சிரித்தாள் பார் அந்த அம்மா, பல்செட்டைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீடு கிடைத்துவிட்டது.

வெளியே வந்து ஸ்டேஷன் பக்கம் நடந்தோம். அவர்தான் "பசிக்குது, வா" என்று ஸ்டேஷனுக்குள் கூட்டிப்போய் நின்றபடியே சாப்பிடும் நூடுல்ஸ் கடை ஒன்றில் இரண்டு கிண்ணம் சொன்னார். முதல் வாய் உறிஞ்சிவிட்டு, "இந்த மாதிரிக் கடையிலதான் தினம் காலைல சாப்பிடுவேன்" என்றார். விடிவதற்கு முன் எழுந்து சாதம் வடித்து, சூப் வைத்து, மீன் சுட்டு, இவரைச் சாப்பிடவைத்துத்தானே அனுப்பினேன் அத்தனை வருஷமும்! "அப்ப நான் செஞ்சதெல்லாம்?" என்றேன். "அதையும் சாப்பிட்டேன், இதையும் சாப்பிட்டேன். இங்க வர்றதுக்குள்ள பசிச்சிடும்" என்கிறார், கூச்சமே இல்லாமல். கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது, சூப் மூக்கில் ஏறி இருமலில் கண்ணெல்லாம் தண்ணீர். பக்கத்தில் நின்றவர் எனக்கு ஒரு காகிதக் கைக்குட்டை நீட்டினார். நூடுல்ஸ் நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் ஆரம்பத்தில் குடி வந்தேன். உன் அப்பா தன் சின்ன லாரியிலேயே என் தையல் மெஷின், பீரோ, படுக்கை எல்லாம் கொண்டுவந்து இறக்கினார், குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போட்டார், ஜன்னலுக்கு அளவெடுத்துக்கொண்டு போய் மறு வாரம் திரைச்சீலைக் கம்பியோடு வந்தார். வேலை வாரத்தில் நான்கு நாள். காலையில் பட்டன் அறுந்தவர்களெல்லாம் எங்கள் கடை வாசலில் கோட்டைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள், சாயங்காலம் பாவாடை நீளம் குறைக்கும் பெண்கள். முதல் வாரம் ஸ்டேஷனுக்குள் வழி தவறி வேறு வாசலில் வெளியே வந்து நின்றேன், இரண்டு தடவை, முதலாளியம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. வேலை இல்லாத நாளில் ஆற்றங்கரை மேட்டில் நடக்கிறேன். டோஃபு கடைக்கு நடந்துதான் போகிறேன், வேண்டுமென்றே சுற்று வழியில். வாடகை பற்றி நீ கவலைப்பட வேண்டாம், என் பென்ஷனும் தையல் கூலியும் போதும், நீ எதுவும் அனுப்பக் கூடாது. தினம் காலையில் என் ஜன்னல் திரையைத் திறக்க வேண்டும் என்பது குரிஹாரா அம்மாவின் கட்டளை, கொஞ்சம் தாமதமானாலும் கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவாள். நான் காலால் தரையைத் தட்டினால் உயிரோடிருக்கிறேன் என்று அர்த்தம். அவள் தட்டாத நாளில் நான் இறங்கிப் போய்ப் பார்ப்பேன். உன் அப்பா வந்தால் மட்டும் படிக்குக் கீழே நின்று "இகுயோ, உன் காதலர் வந்திருக்காரு" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள். அவர் காது சிவந்துபோய்ப் படியேறி வருவதை நீ பார்க்க வேண்டும்.

ஆனால் அவர் இங்கே தங்கமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். "அது உன் வீடு" என்பார், டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது, உன்னிடம் மறைப்பானேன், அவர் முதுகு படியில் இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் செய்தது சரிதானா என்று ஒரு கேள்வி வரும். நவம்பர் நடுவில் ஒரு நாள் முள்ளங்கியும் அரிசியும் எடுத்துக்கொண்டு வந்தவர் திரும்பிப் போகும்போது காற்று பலமாகி, கட்சுதா போகும் ஜோபன் லைன் ரயிலை நிறுத்திவிட்டார்கள். ஸ்டேஷனுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார், மறுபடி போனார், மறுபடி வந்தார், மூன்றாவது தடவை குரிஹாரா அம்மாவே கதவைத் திறந்து "பெரியவரே, காத்து உங்களைத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள மேல போங்க" என்று விரட்டிவிட்டாள். கொமேவுக்குச் சோறு போட மசாயேவுக்குப் போன் செய்தோம், அப்போதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது, அவளும் உனக்குப் போன் செய்துவிட்டாள். ரயில் சத்தத்தில் தூங்கவே முடியாது என்று புலம்பிக்கொண்டுதான் படுத்தார். மறுநாள் வெயில் வந்து, நான் துணி துவைத்து, ரயில்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஜன்னலை ஆட்டிவிட்டுப் போன பிறகும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அத்தனை வருஷம் ரயிலில் நின்றபடியே தூங்கிப் பழகின மனுஷன் அல்லவா. எழுந்து உட்கார்ந்து, இவ்வளவு நல்ல தூக்கம் கட்சுதாவில் வருவதில்லை என்று தானே சொன்னார், சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது வாரம் ஒரு தடவை வருகிறார், தங்குகிறார். நான் மாதத்தில் ஒரு தடவை அங்கே போய் நான்கைந்து நாள் இருப்பதாக ஏற்பாடு, கிழங்கு சீவும் வேலை தொடங்கிவிட்டதே.

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மத்தியானம் கடையில் குனிந்து தைத்துக்கொண்டிருந்தேன். அடுத்தவர் வாங்க என்று நிமிர்ந்தால் வரிசையில் உன் அப்பா நிற்கிறார், அவர் வரும் நாளே இல்லை அது. கையில் ஒரு கால்சட்டை. "அடி மடிப்பு பிரிஞ்சுபோச்சுங்க" என்கிறார், யாரோ மாதிரி. வாங்கிப் பார்த்தேன். தானாகப் பிரிந்த தையலில் நூல் பிசிறு பிசிறாக நிற்கும், இது இரண்டு காலிலும் கத்தரியால் வெட்டி எடுத்திருக்கிறது, சுத்தமாக, வரப்பு வெட்டுகிற மாதிரி நேராக. "பேர் சொல்லுங்க" என்றேன். முழுப் பேரையும் சொன்னார். "எப்ப வேணும்?" "அவசரம் ஒண்ணும் இல்லைங்க" என்றார். டோக்கனைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவருக்கும் எனக்கும் நடுவே கூட்டம் போய்க்கொண்டே இருந்தது, கூட்டம் விலகும்போதெல்லாம் அவர் தொப்பி தெரியும், நான் பார்த்தால் வேறெங்கோ பார்ப்பார். நான் மற்ற துணியையெல்லாம் எடுத்துத் தைத்தேன். சாயங்காலம் முதலாளியம்மா வந்து, "அந்தப் பெரியவர் மத்தியானத்திலிருந்து உட்கார்ந்திருக்காரே, யாருங்க?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் என்றேன். அவள் பதறிப்போய், "அய்யோ, அப்ப அவருடையதை முதல்லயே தைச்சுக் குடுத்திருக்கலாமே!" என்றாள். "குடுத்தா வாங்கிட்டுக் கிளம்பிடுவாரே" என்றேன்.

எமிலியாவின் இருமல் போய்விட்டதா? பின் அறையில் மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம், ரொத்ரிகோ மட்டும் காலைக் கொஞ்சம் மடக்க வேண்டியிருக்கும், சொல்லிவை. நீ வேலை பார்க்கும் மீன் தொழிற்சாலையில் குளிரான அறைக்குள் போகும்போது கழுத்தை மூடிக்கொள், வெளியே வெயில்தானே என்று அலட்சியமாக இருக்காதே. உனக்கு ஏதாவது வேண்டுமென்றால் மாப்பிள்ளையிடம் வாயைத் திறந்து கேள், அவராகவே தெரிந்துகொள்வார் என்று காத்திருக்காதே. ஆனால் சாப்பிடும்போது கேட்காதே, சாப்பிட்டு முடித்ததும் கேள். நீங்கள் மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், மனசில் ஒரு பாரமும் இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும், இதுதான் நான் தினமும் வேண்டிக்கொள்வது. மறக்காமல் எமிலியாவின் தோள் அளவும் இடுப்பு அளவும் உயரமும் எழுதி அனுப்பு, பூப்போட்ட மஞ்சள் துணி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், அவள் வளர்வதற்குள் தைக்க வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா இகுயோ